நாற்பத்தொரு மூளைகளின் முன்னாள் காவலர்

அன்பு மருமகள் மிளகுக்கு,

நாற்பத்தொரு மூளைகளின் முன்னாள் காவலரும், ஃபார்மலின் கடலில் முப்பத்தொரு ஆண்டுகள் மூழ்காமல் நீந்திக் கரையேறியவரும், உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்ற வார்த்தையை எந்த இடத்தில் போடுவது என்று பிறகு முடிவு செய்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இந்தக் கடிதத்தில் யாருமே நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்கிறேன். நீ நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. படித்தால் போதும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். இப்போதெல்லாம் எடுப்பதே இல்லை, அது வேறு. கடிதத்தைப் பாதியில் வைத்தால் அது மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் தபால்.

உன் செய்தி வந்தது. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுதா இல்லையா, உண்மையை ஒரே வரியில சொல்லுங்க மாமா, கதை வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை என்றால் இந்த லீவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவதாகவும், அந்தப் பார்வையை இன்னொரு தடவை தாங்க முடியாது என்றும், மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் சொல்லியாகவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய்.

ஒரே வரி! அதுவும் என்னிடம்! ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கே மூன்று அத்தியாயம் எடுத்துக்கொள்கிறவன் நான். இருந்தாலும் நாலு நாள் உட்கார்ந்து நாலு தாள் கிழித்தேன். ஒரு வரியில் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பது ஐந்தாவது தாளில்தான் உறைத்தது. ஏனென்றால் போன தடவை நான் சொன்னதும் ஒரே வரிதான். பேச்சுக்கு ஒண்ணும் ஆகல, ரெண்டே நாள்ல எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவா, நீ கிளம்பவேண்டாம். அந்த வரியை நம்பி, எடுத்து வைத்த பெட்டியை நீ மறுபடி பரண்மேல் போட்டாய். அது எப்படி என் வாயில் வந்தது என்பதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மருத்துவக் கல்லூரி இரண்டாம் மாடியில் என் அருங்காட்சியகம் உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடிக்குச் சத்தம் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும், அவ்வளவு நீளமான அறை. இரண்டு பக்கமும் அலமாரி. கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு ஒரு மூளை, கெடாமல் இருக்க ஃபார்மலினில் மிதந்தபடி. ஜன்னல் வெயில் மூன்றே முக்காலுக்கு முதல் அலமாரியில் ஏறி, ஐந்தரைக்குக் கடைசி அலமாரியில் இறங்கும். உன் பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த உன் அம்மாவுக்கு வேலை முடிய ஆறு மணி ஆகும். நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்தை அவள் என் தலையில் கட்டிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் பூங்காவில் சறுக்கி விளையாடினார்கள். நீ செத்துப்போன நாற்பத்தொரு பேருடைய மூளைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வகுத்தல் கணக்கு போட்டாய். அத்தனை மூளை சுற்றி இருந்தும் மீதி மட்டும் ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

உள்ளே கால் வைத்ததும் அந்த நெடிக்கு ஒன்பது தும்மல் போடுவாய். ஒரு தும்மலில் மூன்றாம் அலமாரிக் கண்ணாடி விரிசல் விட்டதும், எதிர்க் கட்டடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த டாக்டர் கத்தியைக் கீழே போட்டதும் வரலாறு. அதனால்தான் உனக்கு மிளகு என்று பெயர் வைத்தேன். ஆளும் அந்த அளவுதான் இருந்தாய், காரமும் அந்த அளவு. பிறகு உன் அம்மாவே உன் நிஜப் பெயரை மறந்துபோய்ப் பள்ளியில் படிவம் நிரப்பும்போது என்னைக் கேட்டாள். சரி, மறக்கவில்லை. கேட்டது மாதிரி நடித்தாள்.

நம் செருமல் பேராசிரியரை நினைத்துப் பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசுவார். பதினேழாம் ஜாடிக்காரர் ஒரு பாடகர் என்று நான் அளந்துவிட்டிருந்தேன். நீ அதை நம்பி, இவருக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் இதுல எந்த இடத்துல இருக்கு சார் என்று அவரிடம் கேட்டுவிட்டாய். மனிதர் செருமவே மறந்துவிட்டார். பாட்டு ஒரு இடத்தில் வைத்திருக்கும் சாமான் இல்லம்மா, அது ஒரு ஓட்டம் என்றார். இதுக்குள்ள எட்டாயிரத்து அறுநூறு கோடி செல் இருக்கு. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற செல்களோடு கைகோர்க்கப் பார்க்கும், ஆனால் கை நேராகத் தொடாது. நடுவில் முடியைவிட மெல்லிய இடைவெளி. ஒரு செல்லில் மின்சாரம் ஓடிவந்து கரையில் நின்றால் அங்கே துளி ரசாயனம் சிந்தும். எதிர்க்கரைச் செல் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஓட்டம் ஓடும். அடிக்கடி ஓடின வழி அகலமாகும், ஓடாத வழி புல் மண்டிப்போகும் என்றார். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்போ இவரு பாட்டு நின்னு போச்சு, தொலைஞ்சு போகல என்றாய். அன்றைக்கு அவர் தன் வகுப்பை ஐந்து நிமிடம் முன்னாலேயே விட்டுவிட்டார். இது நிஜமாக ஐந்து நிமிடம்தான். பெருக்கவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லா ஜாடியிலும் இடது, வலது என்று சீட்டு ஒட்டச் சொன்னார்கள். மொத்தம் எண்பத்திரண்டு சீட்டு. வரிசை பிசகாமல் பசை வழியாமல் ஒட்டிவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எல்லாம் தலைகீழ். ஜாடியில் இருப்பவர் நம்மைப் பார்த்தபடி இருக்கிறார். என் இடது அவருக்கு வலது. நான் என் பக்கத்திலிருந்து ஒட்டிவிட்டேன். பேராசிரியர் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வகுப்பே அதைப் பார்த்துப் பரீட்சை எழுதிவிட்டது. அந்த வருடம் வெளியே போன டாக்டர்கள் இன்றைக்கும் இடது காது வலிக்கு வலது காதில் மருந்து விடுகிறார்கள் என்று கேள்வி. இந்தக் கதையை வீட்டுக்கு வந்தவர் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உன் அம்மா மட்டும், இவனுக்கு அவன் பக்கம் மட்டும்தான் தெரியும் என்பாள்.

பக்கவாதம் வந்த அந்தக் காலையில் அக்கா கையிலிருந்து பல் தேய்க்கும் பிரஷ் விழுந்தது. வலது கை. வாயும் ஒரு பக்கம் இழுத்தது. மருத்துவமனையில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டே போனேன். கறுப்பாக ஒரு திட்டு, படத்தின் வலது பக்கம். பேச்சின் இருப்பிடம் இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்குச் சற்றுப் பின்னால். முப்பத்தொரு வருடம் தூசி தட்டிய இடம் எனக்குத் தெரியாதா? பேச்சு தப்பித்தது என்று வராந்தாவுக்கு ஓடினேன். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே உனக்குப் போன் போட்டேன்.

திரும்பி வந்தபோது அந்த டாக்டர் பொறுமையாக, ஐயா, இந்தப் படமும் நம்மைப் பார்த்த மாதிரிதான், நமக்கு வலது பக்கம்னா அவங்களுக்கு இடது என்றார். மிளகு, அந்தப் படம்கூட வேண்டாம். விழுந்தது வலது கை. இடது மூளைதான் வலது கையை ஆட்டி வைக்கிறது, வலது மூளை இடது கையை. முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்படி இருக்கக்கூடாது என்று நினைத்த மனுஷன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அதைவிடப் பெரிய குற்றம், சீட்டைத் திருத்தி ஒட்ட எனக்குப் பதினொரு நாள் ஆனது. நாளைக்குச் சொல்லலாம், அதற்குள் ஒரு வார்த்தை வந்துவிடும், வந்ததும் சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் நீயே வீடியோவில் அழைத்துவிட்டாய். ரெண்டு நாளில் பேசுவாள் என்று நம்பின பிள்ளை, அம்மா நான் யாரு சொல்லு என்று ஆசையாகக் கேட்டாய். அவள் சாவி என்றாள். நீ மறுபடி கேட்டாய். சாவி, சாவி என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீ வைத்துவிட்டாய். அதற்கப்புறம் ஏழு வாரம்.

அந்தச் சாவியைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லியிருக்கவேண்டும். இப்படி அடிபட்ட சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்குமாம். உள்ளே என்ன நினைத்தாலும் வெளியே அதுதான் வரும். தண்ணீர் வேண்டுமா, சாவி. ஜன்னலைச் சாத்து, சாவி. முதல் நாள் நானும் மடையன் மாதிரி வீட்டில் இருந்த சாவி பூராவையும் தேடி எடுத்தேன். பெட்டிச் சாவி, அலமாரிச் சாவி, எந்தப் பூட்டுடையது என்று யாருக்குமே தெரியாத பதினான்கு சாவி. கொத்தாகக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். இடது கையால் எடுத்து என்மேல் எறிந்தாள் பார், குறி தப்பவில்லை. தன் தம்பியை அடையாளம் தெரிகிறது என்பதற்கு என் நெற்றியில் இருக்கும் தழும்பே சாட்சி. இப்போது நான் ஒரு அகராதி தொகுத்துக்கொண்டிருக்கிறேன். இழுத்துச் சொன்னால் பசி. வெட்டிச் சொன்னால் போதும் நிறுத்து. மேலே ஏறி முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள், நான் தூங்குவதாகச் சொல். இதுவரை நூற்று நாற்பது வகை சாவி பதிவாகியிருக்கிறது. உலகப் பல்கலைக்கழகங்கள் என் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கின்றன.

(இப்போதுகூட உள்ளே இருந்து ஒரு சாவி. மின்விசிறி. போட்டுவிட்டு வருகிறேன்.)

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். உன் வயதுதான் இருக்கும், என்னை மட்டும் வாயைத் திறக்கவிடமாட்டாள். அவளிடம் நீ முகம் திருப்பின விஷயத்தைக் கேட்டேன். உன் அம்மா முகம் திருப்பின விஷயம் என்று எழுத வந்தேன், கை இப்படி எழுதிவிட்டது, இருக்கட்டும். அவள் சொன்னாள், வார்த்தையைச் செய்து வெளியே தள்ளுகிற இடம்தான் அடிபட்டிருக்கு சார், கேட்டுப் புரிந்துகொள்கிற இடம் அதுக்குப் பின்னால, அது பெரும்பாலும் நல்லா இருக்கு. முகத்தை அடையாளம் பார்க்கிற இடம் கீழே, இன்னும் பின்னால, அங்கே கீறல்கூட இல்லை. அதனாலதான் அவங்க திரும்பிக்கிட்டாங்க. தான் சொன்னது தப்புன்னு அவங்க காதுக்கே கேட்டிருக்கு.

கேட்டாயா? இருபத்தெட்டு வருடம் ஒரு வண்டியையும் தப்பான பிளாட்பாரத்தில் அறிவிக்காத பெண், பெற்ற மகளைப் பார்த்துத் தப்பாக அறிவித்துவிட்டாள். உன்னை யாரென்று தெரியாமல் அவள் திரும்பவில்லை. தெரிந்ததால்தான் திரும்பினாள்.

ஒரு நாள் அந்தப் பயிற்சிப் பெண், இவங்க வாழ்க்கையில அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டாள். தம்பி, உனக்கு அறிவு இருக்கா என்பதுதான் என்று சொல்ல வந்து, மரியாதை கருதி ரயில் அறிவிப்பைச் சொன்னேன். சும்மா சொல்லாமல் என் கம்பீரக் குரலில் ராகத்தோடு இழுத்தேன். பயணிகளின் கவனத்திற்கு. அக்கா முகத்தில் பல்வலி வந்ததுபோல் ஒரு சுளிப்பு. மறுபடி இழுத்தேன். அவள் இடது கையை நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினாள். தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, எனக்குப் பாடம் எடுப்பதுபோல, அந்தப் பழைய ராகத்தில், பயணிகளின் கவனத்திற்கு என்றாள்.

முழுசாக. தெளிவாக. ஒரு எழுத்து பிசகாமல்.

பயிற்சிப் பெண் பேனாவைக் கீழே போட்டாள். நான் என்னையே கீழே போட்டுக்கொண்டேன். பிறகு அவள் விளக்கினாள். யோசித்துக் கட்டுகிற பேச்சு ஒரு வழியில் வருகிறது. லட்சம் தடவை சொல்லிப் பழகினதும், ராகத்தோடு வருவதும் வேறு வழிகளில் வருகின்றன. பழக்கத்துக்கு ஆழத்தில் ஒரு இடம், ராகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வலது மூளை. நீ நகர வரைபடம் போடுகிறவள், உனக்கு நான் சொல்லவேண்டாம். பெரிய சாலையில் மரம் விழுந்தால் ஊர் ஸ்தம்பித்துவிடுவதில்லை. சந்துபொந்தெல்லாம் சேர்த்து ஒரு மாற்றுவழி உண்டாகும். தினமும் போகப்போக அது அகலமாகும். எவ்வளவு அகலமாகும் என்று கேட்டதற்கு அந்தப் பெண், வேலை செய்வோம் சார் என்றாள். நான் இந்தத் தடவை உனக்கு நாள் கணக்கு எதுவும் கொடுக்கமாட்டேன்.

அதிலிருந்து தினமும் பயிற்சி. இடது கையால் தாளம் தட்டிக்கொண்டு, அறிவிப்பின் ராகத்தில் ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே நுழைக்கிறார்கள். தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. செருப்பு இரண்டாவது நடைமேடையில். பத்து தடவைக்கு ஒன்பது தடவை சாவிதான் நடைமேடைக்கு வருகிறது. அழுகிறாள். என்னைக் கிள்ளுகிறாள். மறுநாள் மறுபடி உட்காருகிறாள்.

இப்போதுதான் நம்ப முடியாத கதை. போன செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி. மருத்துவமனை வராந்தாவில் அறுபது பேர், இல்லை, அறுநூறு பேர் சீட்டோடு காத்திருந்தார்கள். உன் அம்மா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாளம் தட்டினாள். கட்டடம் அதிரும்படி அறிவித்தாள். பயணிகளின் கவனத்திற்கு. தூர தேசத்திலிருந்து வரவேண்டிய மிளகு, ஏழு வாரம் தாமதமாக, முதலாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது. தாமதத்துக்கு வருந்துகிறோம். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதலாவது நடைமேடை எங்கே என்று ஓடினார்கள். காலில் கட்டுப் போட்டிருந்தவர்தான் முதலில் போனார். ஊன்றுகோல் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. ஊரில் இருந்த எல்லா ரயிலும் ஒரு நிமிடம் நின்றன. மருத்துவமனைத் தலைவர் மாடியிலிருந்து இறங்கி வந்து பச்சைக்கொடி காட்டினார்.

நம்பவில்லை, இல்லையா? நல்லது. அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நான் முன்பு கிளம்பாதே என்றேன், நீ என் பேச்சைக் கேட்டாய். இந்தத் தடவை வா என்கிறேன். கேட்காவிட்டால் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. வந்தால் நான் யார் என்று மட்டும் கேட்காதே. பக்கத்தில் உட்கார். சாவி என்று சொன்னால் சரி என்று சொல்லிவிடு. நீ எங்கே இருந்தாலும் உன் தலை குளிர்ந்து இருக்கட்டும், அதற்குள் ஓடுகிற எட்டாயிரத்து அறுநூறு கோடியும் ஒன்றுகூடக் குறையாமல் ஓடட்டும்.

இப்போது ஒரு வரி உண்மை என்று கேட்டாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். வராந்தா இல்லை. அறுநூறு பேர் இல்லை. கொடி இல்லை. பயிற்சிப் பெண்ணும் அன்று வரவில்லை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, யாரும் தாளம் தட்டவில்லை. அறிவிப்பு முழுக்க நான் சேர்த்தது. அந்த ஒரு பெயரை மட்டும் அவளே சொன்னாள், மெதுவாக, இரண்டு தடவை.

அன்புடன்,
மாமா